சனிக்கிழமைக் கட்டம்

ஜூன் 3, திங்கள்

மேல் வீட்டுக்காரர் நம் தொட்டித் தண்ணீரை எடுக்கிறார் என்பது இன்று உறுதியாகிவிட்டது. கரிக்கட்டியால் நான் போட்டுவைத்த கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருக்கிறது. கலாமணியிடம் சொன்னேன். "வெயிலுக்கு வத்தியிருக்குமுங்க" என்றாள். மூடிய தொட்டியில் வெயில் எப்படிப் போகும் என்று கேட்டேன். சட்னியை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

ஆபீசில் மேனேஜர் நல்லசிவம் கூப்பிட்டார். எங்கள் பால் குளிரூட்டும் நிலையத்துக்குக் காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் இருந்து ஊர் ஊராகப் பால் வருகிறது. ஒவ்வொரு ஊர்ப் பாலையும் லேபில் சோதித்துக் கொழுப்பு எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். கொழுப்பு கூடினால் அந்த ஊருக்கு விலை கூடும். அந்தக் கணக்கெல்லாம் என் பொறுப்பு. இத்தனை நாளும் தேதி, ஊர், கொழுப்பு என்று நீளமாக, கோயில் க்யூ மாதிரி இறங்கிக்கொண்டே போகும் ஒரு பட்டியலைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இத எவன் படிக்கறது திருமூர்த்தி? இடது பக்கம் ஊரு பேரு. மேல ஞாயிறு, திங்கள், செவ்வாய்னு ஏழு நாளு. கட்டம் கட்டமா இருக்கோணும். ஒரே பார்வையில தெரியோணும்" என்றார்.

நீளத்தில் கிடப்பதை அகலத்தில் விரித்துப் போடும் வேலை. இதற்கென்றே கிராஸ்டேப் என்று ஒரு குவெரி, கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளை, உண்டு. எழுதி ஓட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இங்கே இல்லை என்று சிவப்பில் பதில் வந்தது. நேற்று முளைத்த ஒன்றைக் கேட்டதுபோல ஒரு அலட்சியம் அந்தப் பதிலில்.

ஜூன் 4, செவ்வாய்

இல்லை என்று சொன்னது பொய். இருந்தது, பூட்டி வைத்திருந்தார்கள். அதற்கான துணைத் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டுமாம். நிறுவினேன். உடனே அடுத்த பிழை: நான் கேட்கும் கட்டங்களின் வகையும் உள்ளே இருந்து வருகிறவற்றின் வகையும் ஒத்துப்போகவில்லையாம். ஊர்ப் பெயர் எழுத்து, கொழுப்பு எண் என்று ஒவ்வொன்றுக்கும் வகை சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் சிவப்பு. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

காஸ் சிலிண்டர் வந்தது. எடை குறைவாக இருப்பதுபோல் தோன்றியது. தூக்கிப் பார்த்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஜூன் 5, புதன்

ஓடிவிட்டது! ஒரு சிவப்பு எழுத்து இல்லை.

ஜூன் 6, வியாழன்

மேனேஜர் தாளைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்தது. "இதத்தானய்யா கேட்டேன்" என்று நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டச் சொன்னார். பதினைந்து வருஷ சர்வீசில் என் வேலை எதையும் போர்டில் ஒட்டியதில்லை. இரண்டு தரம் அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

மூன்றாவது தரம் போனபோதுதான் கண்ணில் பட்டது. கருக்கம்புதூர் என்ற ஊர். ஞாயிறு முதல் வியாழன் வரை கொழுப்பு நாலை ஒட்டியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் ஐந்தைத் தாண்டி நிற்கிறது. சனிக்கிழமைக் கட்டம் காலி. சனிக்கிழமை அந்த ஊரில் பால் ஊற்றுவதில்லை போலும். பெருமாளுக்கு ஏதாவது இருக்கும்.

பழைய வாரங்களையும் அதே குவெரியில் விரித்துப் பார்த்தேன். எல்லா வாரமும் அப்படியே. வெள்ளி வந்தால் கருக்கம்புதூர் மாடுகளுக்குக் கொழுப்பு ஏறிவிடுகிறது!

லேபில் இரண்டே பேர். திங்கள், புதன், வெள்ளி ஜெசிந்தா. மற்ற நாட்கள் என் மனைவி கலாமணி. முன்பு வெள்ளி கலாமணியுடையது, ஞாயிறு ஜெசிந்தாவுடையது. அவளுக்கு சர்ச், இவளுக்குக் கோயில் என்று தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றத்தை முதலில் கேட்டது யார் என்று இப்போது யோசிக்கிறேன்.

மெஷின் காட்டுவதை ஆள்தான் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். ஊர்க்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, நாலு என்று காட்டியதை ஐந்து என்று ஏற்றினால் யாருக்குத் தெரியும்?

ஜூன் 8, சனி

கலாமணி டூட்டிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் சாதாரணமாகக் கேட்பதுபோல், ஜெசிந்தா எப்படி என்று கேட்டேன்.

"எப்படின்னா? தங்கமான புள்ள. ஏனுங்க?"

சும்மா என்றேன். அவளிடம் விஷயத்தைச் சொல்லக் கூடாது. இவள் காதில் போட்டால் பொழுது சாய்வதற்குள் அங்கே போய்விடும். ஜெசிந்தா தீபாவளிக்கு முறுக்கு வாங்கிப்போவதும், இவள் கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கி வருவதும் நடக்கிறது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று இருந்தால் சரிவராது. ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசுவதில்லை என்று முன்பே ஒரு கொள்கை வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று.

ஜூன் 10, திங்கள்

டீக்கடையில் பால் வண்டி ஓட்டும் குப்புராசு. கருக்கம்புதூர் அவன் போகும் வழித்தடம். வெள்ளிக்கிழமை அங்கே எத்தனை கேன் ஏற்றுகிறாய் என்று பட்டும் படாமலும் கேட்டேன்.

"வெள்ளிக்கெழமையா? அன்னைக்கு அந்த ஊருக்கு வண்டியே போறதில்லீங்க. பட்டிக்காரி அம்மனுக்கு ஆகாதுன்னு ஒரு சொட்டு விக்க மாட்டாங்க. பாக்கறதுக்குச் சின்ன ஊரு, ஆனாக் கெடுபிடி ரொம்ப எச்சு."

டீ நாக்கில் சுட்டது. வராத பாலுக்குக் கொழுப்பு! நாலை ஐந்து ஆக்குகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லாத பாலையே இருக்கிறதாக எழுதுகிறாள் என்றால் துணிச்சல் எவ்வளவு இருக்கும்? நெருப்பில்லாமல் புகையாது.

டீயைக்கூட முடிக்காமல் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

மேனேஜர் அறையில் மூன்று பேர். டூட்டி இல்லாத நாளில் கூப்பிட்டதால், ஜெசிந்தா கையில் வீட்டு வேலையின் ஈரம் காயாமலே வந்து நின்றாள். மேனேஜர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"வெள்ளிக்கெழம கருக்கம்புதூர்ப் பாலுக்கு அஞ்சுக்கு மேல போட்டிருக்கறயே, எங்கிருந்து வந்துச்சும்மா அந்தப் பாலு?"

"வெள்ளிக்கெழம அந்த ஊர்ப் பாலே வராதுங்க சார். நான் எப்புடிங்க எழுதுவேன்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணா, கம்ப்யூட்டர்ல பாருங்ணா. நான் ஏத்தியிருந்தாத்தானுங்ணா அதுல இருக்கும்."

"இது கம்ப்யூட்டர்ல இருந்து வந்ததுதாம்மா" என்றேன்.

பழைய நாட்களின் பதிவைத் திறந்து பார்க்கும் உரிமை என் மேஜையில் மட்டும்தான் இருக்கிறது. லேபில் இருப்பவர்களுக்கு அன்றன்றைய நாள் மட்டும் தெரியும். ஜூலை இரண்டாம் தேதி தலைமை அலுவலகத்தில் இருந்து விசாரணைக்கு வருகிறார்கள். அதுவரை சஸ்பெண்ட். நிரூபணமானால் வேலையும் போகும், போலீஸ் புகாரும் கொடுப்பார்களாம். அவள் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

என் மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் தாளில் இருப்பதைத்தானே சொன்னேன்.

ஜூன் 12, புதன்

கலாமணி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. என்ன ஊர், என்ன நாள் என்று மேனேஜர் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். அதனால் இவளுக்கு முழு விவரம் தெரியாது.

"ஜெசி அப்படிப்பட்டவ இல்லீங்க. எங்கியோ தப்பு நடந்திருக்குது" என்றாள்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் இவள்.

மதியம் ஊதியூர் ரோட்டில் பால் வண்டி டயர் வெடித்து நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். சரிசெய்வதற்குள் பால் திரிந்துவிட்டது. அப்போது ஏற்றியிருந்த கல்லாங்காட்டுவலசு ஊர்க் கேன்கள் அத்தனையையும் ஓடையில் கொட்டினோம். நாய்கள் எங்கிருந்துதான் வந்தனவோ. குப்புராசு டயரை வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருந்தானோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஜூன் 15, சனி

தேங்காய் விலை ஏறிவிட்டது. கலாமணி ஏழு நாளும் ஒற்றை ஆளாக லேபைப் பார்க்கிறாள். குளித்துவிட்டு வந்து அப்படியே தூங்கிப்போகிறாள்.

ஜூன் 17, திங்கள்

போன வாரத் தாளை எடுத்தேன். கல்லாங்காட்டுவலசு வரிசையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

புதன்கிழமைக் கட்டத்தில் கொழுப்பு இருக்கிறது. சனிக்கிழமைக் கட்டம் காலி.

புதன்கிழமை அந்தப் பாலை என் கண் முன்னாலேதான் ஓடையில் கொட்டினோம். என் செருப்பில் இன்னமும் புளிச்ச வாடை அடிக்கிறது. நாய் குடித்த பாலுக்கு லேபில் யார் கொழுப்புப் பார்த்தது?

விரிக்காத பழைய பட்டியலைத் திறந்தேன். அங்கே புதன்கிழமைக்கு அந்த ஊர்ப் பதிவே இல்லை. சனிக்கிழமைக்கு ஒழுங்காக இருக்கிறது.

பிறகுதான் புரிந்தது. பந்தியில் நடுவில் ஒருத்தர் எழுந்து போனால் அடுத்தவர்கள் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து கடைசி இலை காலியாகக் கிடக்கும் அல்லவா, என் குவெரி அதைத்தான் செய்திருக்கிறது. எந்த நாள் எந்தக் கட்டம் என்று நான் அதற்குச் சொல்லவில்லை. கிடைத்ததை இடமிருந்து வலமாக வரிசையாக நிரப்பிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் அந்த இடத்துக்கு வந்துவிடும். இரண்டு நாள் சிவப்பு எழுத்தில் கத்திய குவெரி, இதற்கு ஒரு முணுமுணுப்புக்கூடக் காட்டவில்லை.

ஏழு நாளின் பெயரையும் தனியாகப் பட்டியல் போட்டு, அவனவன் நாளில்தான் அவனவன் உட்கார வேண்டும் என்று இரண்டாவது வரியாகக் கொடுத்தேன். ஓட்டினேன். கல்லாங்காட்டுவலசுக்குப் புதன் காலி. சனி நிரம்பியிருக்கிறது. சரி.

கருக்கம்புதூருக்கு வெள்ளி காலி. ஐந்தைத் தாண்டிய கொழுப்பு அத்தனையும், எல்லா வாரத்திலும், சனிக்கிழமைக் கட்டத்தில்.

ஜெசிந்தாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சனிக்கிழமை லேபில் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அவளுக்கு டிபன் பாக்ஸை மூடிக் கொடுப்பவன் நான்தான்.

ஜூன் 18, செவ்வாய்

பழைய குவெரியிலேயே தாள் எடுத்துக் கொடுத்துவிட்டேன். போர்டில் ஒட்டிவிட்டார்கள். கல்லாங்காட்டுவலசுப் புதன்கிழமையையும், ஜெசிந்தா இல்லாத வெள்ளியிலும் கருக்கம்புதூருக்கு ஐந்து நிற்பதையும் யாரும் கவனிக்கவில்லை. சரியான குவெரியை அழிக்கவில்லை, வேறு பெயரில் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் பார்க்கலாம். அவசரப்பட்டு ஒரு தப்பு நடந்தது போதும்.

மாலையில் மேனேஜர் போன் செய்தார். "திருமூர்த்தி, அந்தக் கட்டமெல்லாம் சரிதானுங்களே? சனிக்கெழம காலின்னா காலிதானே?" சரிதான் சார் என்றேன். திடீரென்று இதை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. யாரோ ஏதோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள்.

வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒரு தூக்குப்போசியில் சீம்பால். எங்கிருந்து என்று கேட்டேன்.

"கருக்கம்புதூர் மரகதக்கா குடுத்துவுட்டாங்க. அவங்க மாடு கன்னு போட்டிருக்குதாம்."

மரகதம்தான் அந்த ஊர்ப் பால் சங்கத்தின் செயலாளர். என் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் அவள் தூக்குப்போசி. கலாமணி அதை வெல்லம் போட்டுக் காய்ச்சினாள். எனக்கு வேண்டாம் என்றேன். சீம்பால் என்றால் கிண்ணத்தை வழித்து நக்குகிறவன் நான் என்பது அவளுக்குத் தெரியும். அதிசயமாகப் பார்த்தாள்.

போன மாதம் வாங்கிய மிக்ஸிக்குப் பணம் ஏது என்றபோது சீட்டுப் பணம் என்று சொல்லியிருந்தாள். என்ன சீட்டு என்று நான் கேட்டதில்லை.

ஜூன் 19, புதன்

துணி மடித்துக்கொண்டே கலாமணி கேட்டாள்: "ஏனுங்க, போர்டுல ஒட்டியிருக்கற அந்தக் கட்டம் சரியா இருக்குதுங்களா?"

"ஏன்?"

"கருக்கம்புதூருக்குச் சனிக்கெழம காலியா இருக்குது. போன சனிக்கெழம நாந்தானுங்க அந்தப் பாலப் பாத்தேன்."

அவள் முகத்தையே பார்த்தேன். கள்ள மனம் துள்ளும் என்பார்கள். இவள் முகத்தில் ஒன்றும் துள்ளவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கட்டம் சரியாகத்தான் இருக்கிறது, நீ வேறு ஏதாவது ஊரை நினைத்துக்கொண்டிருப்பாய் என்று சொன்னேன்.

அவள் என் சட்டையை எடுத்து மடித்து, என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஜூன் 21, வெள்ளி

ஜெசிந்தா இல்லாததால் இப்போது வெள்ளியும் கலாமணி டூட்டிதான். டூட்டி முடிந்து கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினாள். டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தெரு முனையில் கோயில் பக்கம் திரும்பாமல் சர்ச் வீதிக்குள் நுழைந்தாள். ஜெசிந்தா வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள். கூடைநிறைய ஏதோ கொண்டுபோனாள், வெறும் கூடையோடு திரும்பினாள்.

இருவரும் கூட்டோ? ஒருத்தி மாட்டிக்கொண்டாள், மற்றவள் வாய் பேசாமல் இருக்க இவள் கவனித்துக்கொள்கிறாளோ?

"கோயில்ல கூட்டமா?" என்று கேட்டேன்.

"கோயிலுக்குப் போகலீங்க. ஜெசி வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரரு காலி பண்ணச் சொல்றாராம். திருடி குடியிருந்த வீடுன்னு பேரு வந்துருமாம்."

பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அப்போதுகூட எனக்கு நிம்மதி வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

பழைய குவெரியிலேயே தாள்.

ஜூன் 26, புதன்

குவெரியைச் சரிசெய்தால் ஜெசிந்தா பிழைப்பாள், கலாமணி மாட்டுவாள். செய்யாவிட்டால் செவ்வாய்க்கிழமை விசாரணையில் ஜெசிந்தாவுக்கு எல்லாம் முடிந்துவிடும். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் பக்கத்து அறையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள்.

மரகதத்தை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். பல் வலி என்று.

ஜூன் 28, வெள்ளி

கருக்கம்புதூருக்குள் நுழைந்ததும் ஒன்று வித்தியாசமாகப் பட்டது. கன்றுக்குட்டி ஒன்றைக்கூடக் கட்டிவைக்கவில்லை. பட்டிகளில், வேலி ஓரத்தில், பள்ளிக்கூடத்து மைதானத்தில்கூட, தாய் மாடு நிற்க, கன்று முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. வாயோரமெல்லாம் நுரை. ஒருவரும் பிடித்து இழுக்கவில்லை.

மரகதம் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு சங்கத்துக்கு வெளியே நின்றிருந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும், வாய்க்கு ஓய்வில்லாதவள். என்னைக் கன்று வாங்க வந்தவன் என்று நினைத்துவிட்டாள்.

"காளக் கன்னுங்களா, கெடாரிங்களா?"

எதுவும் வேண்டாம், இன்றைக்குப் பால் கறக்கவில்லையா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழம எங்கூர்ல கறக்க மாட்டமுங்க. வாரத்துல ஆறு நாளு நம்ம குடிக்கறோம், விக்கறோம். ஒரு நாளு மாட்டோட புள்ளைக்குன்னு பட்டிக்காரிக்கு வாக்குக் குடுத்திருக்குது. விடிஞ்சதுல இருந்து படுக்கற வரைக்கும் கன்னு அவுத்துத்தான் கெடக்கும். கன்னு இல்லாத மாட்டுப் பாலு அம்மனுக்குப் போக மிச்சம் ஊர்ப் புள்ளைகளுக்கு."

"அப்ப சனிக்கெழம?"

"காலைல கறப்போம். ஆனாக் கொஞ்சந்தானுங்க வரும், பாதிகூடத் தேறாது. ராத்திரி வரைக்கும் கன்னு உறிஞ்சிருக்குதே, மடியில எங்க ஊறும்? ஆனா அந்தப் பாலு கெட்டின்னாக் கெட்டி. காப்பி போட்டீங்கன்னா ஸ்பூன் நிக்கும். லேபுல கலாமணின்னு ஒரு அம்மணி இருக்குது. மொதல்ல அது மிசினுதான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவ திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அப்பறம் எனக்கே போன் போட்டு, ஏனுங்க்கா சனிக்கெழம மட்டும் இப்படின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிச்சு. சூதுவாது தெரியாத புள்ள. நீங்க எந்த ஊருங்க?"

தாராபுரம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

கன்று குடித்த பிறகு கொஞ்சமாக ஊறும் பால், அதனால் கெட்டி. அவ்வளவுதான். நான் விரித்த தாளில் கொழுப்பு மட்டும்தான் போட்டேன். எத்தனை லிட்டர் என்பதையும் போட்டிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். ஜெசிந்தா திருடவில்லை, கலாமணி திருடவில்லை, ஒருத்தரும் திருடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ரோட்டோரம் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன். கலாமணி நல்லவள் என்ற சந்தோஷத்தில் அழுதேன்.

ஜூன் 29, சனி

மல்லிகைப்பூவும் அரைக்கிலோ அல்வாவும் வாங்கி வந்தேன். "என்னங்க விசேசம்?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். பூவை வாங்கிச் சாமி படத்துக்கு வைத்துவிட்டாள்.

மேனேஜர் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நினைத்திருந்தால் கடைசிவரை வாயே திறக்காமல் இருந்திருக்கலாம். என் வேலையில் தப்பு என்று நானே போய்ச் சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டும்.

ஜூலை 1, திங்கள்

சரியான குவெரியை மேனேஜர் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். கருக்கம்புதூர்க் கதையையும் சொன்னேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா போர்டப் பாத்துட்டு பதினெட்டாந் தேதியே வந்து சொன்னாங்க திருமூர்த்தி. சனிக்கெழமப் பாலு நான் பாத்தது, கொழுப்பு எச்சா வந்ததும் எங்கையிலதான், கேக்கறதா இருந்தா என்னக் கேளுங்க, ஜெசிய விட்டுருங்கன்னு இந்த எடத்துல நின்னு சொன்னாங்க. நான் உங்க தாள நம்பி அவங்களத் திருப்பி அனுப்பிட்டேன். உங்களுக்குப் போன் பண்ணிக்கூடக் கேட்டனே?"

அப்போது எனக்குத் தெரியாது சார் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். ஜெசிந்தாவுக்கு என் எதிரிலேயே போன் செய்தார். நாளையிலிருந்து வரச் சொன்னார், விசாரணையை ரத்து செய்யத் தலைமை அலுவலகத்துக்கும் பேசினார். அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கே கேட்டது. "திருமூர்த்தி அண்ணாவா கண்டுபுடிச்சாங்க? அவங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன் சார்" என்றாள். எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்து கலாமணியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குவெரி, கட்டம் நகர்ந்தது, மரகதம், கன்று. பாதியில் நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் ஒன்றைத்தான் கேட்டாள்.

"எப்பங்க தெரிஞ்சுது?"

ஒளிக்க வேண்டாம் என்று தோன்றியது. "பதினேழாந் தேதி."

"பத்தொம்பதாந் தேதி நான் கேட்டனுங்களே."

"உனக்காகத்தான் கலா. அது உங்கையில நடந்ததுன்னு தெரிஞ்சா உன்னத்தானே புடிப்பாங்க? உம்பேரு வெளிய வந்துரக் கூடாதுன்னுதான் மூடி வச்சேன். என் வேலையே போனாலும் பரவால்லைன்னு வச்சேன். எவன் பொண்டாட்டிக்காக இப்படிப் பண்ணுவான்?"

கலாமணி கோபப்படுவாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் சமாதானம் சொல்லத் தயாராகவும் இருந்தேன். அவள் சாதாரணமாக, கடையில் கணக்குக் கேட்பதுபோல் கேட்டாள்.

"எனக்காகப் பொய் சொன்னேங்கறீங்க. நான் திருடியிருப்பேன்னு நம்புனதுனாலதானுங்களே அந்தப் பொய்யே தேவப்பட்டுச்சு?"

சட்டைப் பையில் இருந்த புதுத் தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தேன்.

"ஜெசி யாரோ எவளோ. அவளச் சந்தேகப்பட்டதுக்கு ஒரு தாளாவது இருந்துச்சு. என்ன எதுக்குங்க சந்தேகப்பட்டீங்க? ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனுங்களே, கன்னுக்குட்டி குடிச்சதுன்னு."

நாளைக்கு ஜெசி வருகிறாள், லேபைக் கழுவிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. சாப்பிடக் கூப்பிட்டாள், போய்ச் சாப்பிட்டேன்.

நம்பவில்லை கலா, ஒரு நாளும் உன்னைத் திருடி என்று நான் நம்பவில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.